பள்ளி விடுவதற்குள் ஒரு மலை

அந்த நோட்டின் பன்னிரண்டாம் பக்கத்தில் மட்டும் நேரம் எழுதப்படவில்லை. முதல் பதினொரு பக்கங்களிலும் மேல் மூலையில் இரண்டு நேரங்கள் இருந்தன: கிளம்பியது, திரும்பியது. கிளம்பிய நேரம் எல்லாப் பக்கத்திலும் 9.05. திரும்பிய நேரம் பக்கத்துக்குப் பக்கம் தள்ளிப்போனது. 11.20, 12.45, 1.50. பதினொன்றாம் பக்கத்தில் 2.52. பன்னிரண்டில் பதினைந்து மைல் என்று இருந்தது, வழியில் தாண்ட வேண்டிய கேட்டுகளின் எண்ணிக்கை இருந்தது, ஒவ்வொரு மேட்டின் உயரமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. மூலை மட்டும் வெறுமையாகக் கிடந்தது. நான் கணினிச் சிப் சோதனைப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஓர் அட்டவணையில் நிரம்பாத கட்டம் இருந்தால் என் கண் நேராக அங்கேதான் போகும். "இது ஏன் ஆன்ட்டி காலியா இருக்கு?" என்று கேட்டேன். ஆன்ட்டி தோசைக்கல்லைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "அது பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள முடியாது கண்ணு."

ஆன்ட்டி எனக்கு உறவில்லை. கலிஃபோர்னியாவில், லிவர்மோரில், அவரும் அவர் கணவரான அங்கிளும் வாழ்ந்த வீட்டின் பின்பக்க அறையில் மூன்று ஆண்டுகள் குடியிருந்தேன். என் அலுவலகம் சான்டா கிளாராவில். காலையில் மலையைத் தாண்டிப் போய், மாலையில் அதே மலையைத் தாண்டித் திரும்பும் கார் வரிசையில் என்னுடையதும் ஒன்று. வார இறுதிகளில் அந்த மலைப்பாதைகளில் ஓடுவேன். திரும்பி வந்து பின்வாசலில் உட்கார்ந்து, காலுறையில் குத்தி நிற்கும் காய்ந்த புல் முட்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த ஆன்ட்டி, உள்ளே போய்ப் பருப்பு டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். அவருடைய மகன் சிறு வயதில் பயன்படுத்திய பள்ளி நோட்டு. முதல் நான்கு தாள்களில் ஒரு பையனின் பெருக்கல் கணக்குகள். அதன்பின் ஆன்ட்டியின் நெருக்கமான தமிழ் எழுத்து, அவரே போட்ட பக்க எண்களோடு. "மூணாவது கேட். கறுப்பு நாய். குரைக்கும், கடிக்காது. செவுத்துக்கு எடப்பக்கம் போகோணும். ஓடைக்கு மேல பலகை வழுக்கும்." இங்கிலாந்தின் ஒரு மலைச்சரிவு முழுவதும் அந்த நோட்டில் பொள்ளாச்சித் தமிழில் இருந்தது.

அங்கிள் கோயம்புத்தூரில் நூற்பாலை இயந்திரங்கள் செய்யும் கம்பெனியில் பொறியாளராக இருந்தவர். அந்த வேலை அவர்களை முப்பது ஆண்டுகளுக்கு முன் வட இங்கிலாந்தின் ஒரு சின்ன ஆலை ஊருக்குக் கொண்டுபோனது. ஆன்ட்டிக்கு அப்போது இருபத்தெட்டு வயது, மகனுக்கு ஐந்து. வீடு ஒரு சரிவின் அடியில். சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை, மலைமேல் கல் சுவர்கள், சுவர்களுக்கு நடுவே மழையிலும் அரைக்கால் சட்டையோடு ஓடிக்கொண்டிருக்கும் மனிதர்கள். ஆண்களும் உண்டு, பெண்களும் உண்டு, நரைத்த தலைகளும் உண்டு. இவர்கள் எங்கே போகிறார்கள் என்று அங்கிளிடம் கேட்டிருக்கிறார். "அவங்களுக்கு வேற வேலையில்ல" என்று அங்கிள் சொல்லிவிட்டு ஆலைக்குப் போயிருக்கிறார். இரண்டு மாதம் ஜன்னலிலேயே பார்த்த ஆன்ட்டி, ஒருநாள் மகனைப் பள்ளியில் விட்டுவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பாமல் மேட்டுப் பக்கம் திரும்பினார். சேலையை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, ரப்பர் பூட்ஸ் மாட்டி, அங்கிளின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு.

முதல் கேட்டைத் தாண்டியதும் ஒரு விவசாயி டிராக்டரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்திருக்கிறார். திட்டப்போகிறார் என்று நினைத்து ஆன்ட்டி திரும்பி நடக்க ஆரம்பிக்க, அவர் கையை நீட்டி அடுத்த கேட் இருக்கும் பக்கத்தைக் காட்டியிருக்கிறார். இது பொதுப் பாதை, யார் வேண்டுமானாலும் போகலாம் என்று. ஆன்ட்டி அதை நம்பாமல் ஊர் நூலகத்தில் போய்க் கேட்டார். நூலகப் பெண்மணி ஒரு பெரிய வரைபடத்தை மேசைமேல் விரித்து, வயல்களுக்கு நடுவே ஓடும் புள்ளிக்கோடுகளைக் காட்டினார். நிலம் யாருடையதாக இருந்தாலும் அந்தக் கோட்டின்மேல் நடப்பவரைத் தடுக்க முடியாது. வயலையும் தோட்டத்தையும் காடு என்று சொல்லும் ஊர்க்காரர் ஆன்ட்டி. "காடு அவங்களுது, தடம் நம்முளுது" என்று என்னிடம் சொன்னபோது, முப்பது ஆண்டுகள் கழித்தும் அவர் குரலில் அந்த ஆச்சரியம் குறையவில்லை. லிவர்மோரைச் சுற்றிய மலைகளில் பூங்கா எல்லை முடிகிற இடத்தில் முள்கம்பியும், அத்துமீறி நுழையாதே என்ற பலகையும் வரும். ஒவ்வொரு தடவையும் அதன் முன் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் முறைத்துவிட்டுத்தான் திரும்புவார்.

அப்படி ஐந்து ஆண்டுகளில் பதினொரு வழிகளை முடித்திருக்கிறார். எல்லாமே பள்ளிக்கூட மணிக்கணக்கில். ஒன்பது மணிக்கு மகனை விட வேண்டும், மூன்று மணிக்கு கேட்டில் நிற்க வேண்டும். நடுவில் இருந்த ஆறு மணி நேரம்தான் அவருடையது. பத்தாவது வழி வரை நடந்து முடிக்க முடிந்தது. பதினொன்றாவது நீளமானது, நடந்தால் மூன்றரை ஆகிவிடும். அதனால் இறக்கங்களில் ஓட ஆரம்பித்தார். அவருக்கு ஓட்டத்தின் மேல் ஆசை வந்தது அப்படித்தான். உடம்பைக் குறைக்க யாரும் சொல்லவில்லை, ஆறு மணி நேரத்துக்குள் இன்னும் கொஞ்சம் மலையை அடைக்க வேண்டியிருந்தது, அதனால் ஓடினார். பன்னிரண்டாவது வழி உச்சியைத் தாண்டி, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கி, இன்னொரு மேட்டில் ஏறித் திரும்பும் சுற்று. அதற்காக ஏற்றங்களிலும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தபோது அங்கிளுக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. மூன்று வாரத்தில் வீட்டைக் காலி செய்தார்கள்.

இதெல்லாம் அங்கிளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியாது என்பதே எனக்குத் தெரியாது. ஆன்ட்டிக்கு ஐம்பத்தொன்பது வயது நடந்த அந்த ஏப்ரலில், மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "செப்டம்பர்ல நான் இங்கிலாந்து போறனுங்க. ஒரு வாரம். அங்க ஒரு தடம் பாக்கி இருக்குது." என்ன தடம், என்ன பாக்கி என்று அங்கிள் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. அவர் கையில் பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது.

"நீ எப்ப அங்கெல்லாம் போன?"

"நீங்க ஆலைல இருந்தப்பத்தான்."

"அஞ்சு வருஷமா?"

"மழ ஜாஸ்தி பெஞ்சா போகமாட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லியிருந்தா உட்டிருப்பீங்களா?"

 அங்கிள் எழுந்து கையைக் கழுவினார். குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அடுப்படி வாசலில் நின்று, ஆன்ட்டியின் முதுகையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு?" என்றார்.

அந்தக் கேள்வியை நான் பிறகு பட்டியல் போட்டேன். எனக்கு அப்படி ஒரு பழக்கம். ஏப்ரலுக்கும் ஆகஸ்டுக்கும் இடையே ஆன்ட்டியிடம் "எதுக்கு" என்று கேட்டவர்கள்: அங்கிள், வேறு மாநிலத்தில் ரவுண்ட் ராக்கில் இருக்கும் மகன், மருமகள், மகனின் மாமனார், பல் மருத்துவர், கோவில் சமையலறையில் சனிக்கிழமை தொண்டு செய்பவர்களில் ஆறு பேர். அதே ஆட்கள் அதே மாதங்களில் அங்கிளிடம் அவர் வாங்கிய புதிய கோல்ஃப் மட்டையைப் பற்றிக் கேட்டது "எந்த பிராண்டு?" என்று மட்டும்தான். எழுதிப் பார்த்தால்தான் சில விஷயங்களின் அசிங்கம் தெரிகிறது. எழுபது வயதில் ஓர் ஆண் பந்தை அடிக்கப் போனால் அது பொழுதுபோக்கு. ஐம்பத்தொன்பதில் ஒரு பெண் மலையேறப் போனால் அதற்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் கேட்பவருக்குத் திருப்தியாகவும் இருக்க வேண்டும். ஆன்ட்டி யாருக்கும் காரணம் சொல்லவில்லை. கோவில் சமையலறையில் ஒருவர், "என்னக்கா, மாரத்தான் ஓடறீங்களாமே, முட்டி ஆபரேஷனுக்கு இப்பவே அப்பாயின்ட்மென்ட் வாங்கி வச்சுக்கோங்க" என்று எல்லோரும் சிரிக்கும்படிச் சொன்னார். ஆன்ட்டி வெண்டைக்காயிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "முட்டி என்னுதுங்க. உங்குளுது சாம்பாரு. அடிப்புடிக்குது, போயிக் கிளறுங்க" என்றார். உண்மையிலேயே அடிபிடித்துக்கொண்டிருந்தது.

பயிற்சித் திட்டம் என் பொறுப்பு. நானாகவே எடுத்துக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. நோட்டிலிருந்த பன்னிரண்டு பக்கங்களையும் ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்றினேன். மைல், கேட்டுகள், உயரங்கள், நேரம். பன்னிரண்டாவது வழியின் ஏற்றங்களை மட்டும் கூட்டினால் தொள்ளாயிரம் வந்தது. பதினைந்து மைலுக்குத் தொள்ளாயிரம் அடி என்றால் கிட்டத்தட்ட சமதளம். எனவே ஊருக்குத் தெற்கே ஓடையை ஒட்டிய பூங்காவில், மர நிழலில், தார் போட்ட பாதையில் தூரத்தைக் கூட்டிக்கொண்டே போனோம். வெயில் ஏறுமுன் ஆறு மணிக்குக் கிளம்புவோம். ஆன்ட்டி சுடிதார் பேன்ட்டும் முழுக்கை டி-ஷர்ட்டும் போட்டு, தலையில் மகன் படித்த கல்லூரியின் தொப்பி வைத்துக்கொள்வார். ஓடும்போது பேசமாட்டார். ஜூலை முடிவதற்குள் பன்னிரண்டு மைல் ஓடிவிட்டு வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டும் அளவுக்கு வந்துவிட்டார். நான் வாராவாரம் கட்டங்களுக்குப் பச்சை நிறம் அடித்தேன்.

ஒன்றே ஒன்று இடித்தது. நோட்டில் அவர் எழுதிய பழைய நேரங்கள். நான்கு மைலுக்கு இரண்டு மணி நேரம் பதினைந்து நிமிடம் என்றெல்லாம் இருந்தது. என் கணக்கில் இருந்த உயரத்துக்கு அது மிக மெதுவான நடை. சோதனைப் பிரிவில் வேலை செய்பவள் இதைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, என் கணக்கில் எங்கே தவறு என்று. நான் அப்படிக் கேட்கவில்லை. சேலை கட்டிய பெண், ரப்பர் பூட்ஸ், சேறு, பழக்கமில்லாத நாடு, மெதுவாகத்தான் போயிருப்பார் என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. ஸ்ப்ரெட்ஷீட்டில் புதிதாக ஒரு நெடுவரிசை சேர்த்து அவருடைய ஒவ்வொரு நேரத்தையும் முக்கால் பங்காகக் குறைத்தேன். அந்த வரிசைக்கு "சேலைத் திருத்தம்" என்று தலைப்பும் வைத்தேன். இதை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாறுதலுக்காக ஏரிக்கரைக்குப் போனோம். ஓடி முடித்து மேசையில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தபோது, ஆன்ட்டி ஏரிக்கு மேலே நெட்டுக்குத்தாக நின்ற மேட்டைக் காட்டினார். கரையிலிருந்து அதன் தலைக்கு ஆயிரம் அடி இருக்கும்.

"அங்க நாலாவது கேட்டுக்கு மேல இப்படித்தான் கண்ணு இருக்கும். கைய ஊனித்தான் ஏறோணும். நம்ம எப்ப இந்த மாதிரி ஏறப்போறோம்?"

என் அட்டவணையில் நான்காவது கேட்டுக்கு மேல் இருநூற்று இருபது அடி ஏற்றம் என்று இருந்தது. அரை மைல் தூரத்தில் இருநூற்று இருபது அடிக்கு யாரும் கையை ஊன்ற மாட்டார்கள். அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. அவர் நூலகத்து வரைபடத்திலிருந்து எண்களை மட்டும், அலகு போடாமல், எழுதியிருந்தார். அந்த ஊரில் தூரத்தை மைலில் சொல்வார்கள், ஆனால் வரைபடத்தில் உயரம் மீட்டரில் இருக்கும். விருதுநகரில் பள்ளிக்கூடம் படித்தவரை எனக்கும் மீட்டர்தான். ஐந்து ஆண்டு கலிஃபோர்னியா, மைல் என்று இருந்தால் அடுத்து வருவது அடிதான் என்று என் தலையில் ஏற்றி வைத்திருந்தது. தொள்ளாயிரம் மீட்டர். ஏறக்குறைய மூவாயிரம் அடி. நாங்கள் நான்கு மாதமாகத் தட்டையாக ஓடியிருக்கிறோம். பயணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது.

அன்று மாலை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டவணையைக் கடைசி வரை பார்த்தார். அவர் கோபப்படவில்லை, நிம்மதியானார். அது எனக்கு இன்னும் மோசமாக இருந்தது. மகனைக் கூப்பிட்டு ஃபோனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இந்தப் பொண்ணு இஞ்சினியர். இவளே தப்புன்னு சொல்றா. மூணு மடங்கு மலையாம். இனி என்ன பேச்சு இருக்கு?"

"அம்மா, ப்ளீஸ்ம்மா. தனியா போயி அங்க விழுந்தா யாரு பாப்பாங்க? டிக்கெட்டை கேன்சல் பண்ணிட்டு இங்க வாங்க. இங்க நெய்பர்ஹுட் ட்ரெயில் இருக்கு, சேஃபா நடக்கலாம்."

 ஆன்ட்டி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினார். அவர் விரல் "சேலைத் திருத்தம்" என்ற தலைப்பின் மேல் நின்றது. நான் அதை அழிக்க மறந்திருந்தேன்.

"இது என்னது?"

சொன்னேன்.

"அப்ப நான் எழுதுன நேரம் சரியாத்தான இருந்துச்சு?"

"ஆமா ஆன்ட்டி. உங்க நேரம் சரிதான். என்னோடதுதான் எல்லாமே தப்பு."

"மூவாயிரம் அடி ஏறி எறங்கற மலைல, சேலையக் கட்டிட்டு, அந்த நேரத்துக்கு நான் வந்திருக்கறேன்." ஸ்பீக்கர் பக்கம் திரும்பினார். "கேட்டுச்சா சாமி? அந்த மல நேத்தும் அவ்வளவுதான், இன்னிக்கும் அவ்வளவுதான். இவ கணக்குத்தான் மாறிச்சு. நான் எதுக்கு டிக்கெட்ட மாத்தோணும்?" பிறகு என்னிடம், "அந்த ஏரி மேட்ட மூணு தடவ ஏறி எறங்குனா சரியா வருமா? கூட்டிப் பாரு" என்றார். கூட்டிப் பார்த்தேன். சரியாக வந்தது.

ஐந்து வாரமும் அதுதான். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை ஏறியதற்கே உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது வாரம் இரண்டு. மூன்றாவது வாரம் மூன்றாம் ஏற்றத்தின் பாதியில் ஆட்டுப்புழுக்கை போல உருண்டு கிடந்த சரளையில் வழுக்கி, முழங்கை கிழிந்தது. நான் ஓடிப்போய்த் தூக்குவதற்குள் எழுந்து நின்று, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு, "அங்க சேறு, இங்க சரள. அது பரவால்ல, மெத்துனு உழுகலாம்" என்றார். நான்காவது வாரத்திலிருந்து அங்கிளும் எங்களோடு காரில் வந்தார். நிறுத்தத்தான் வந்தார். தண்ணீர் கேன்களோடும் செய்தித்தாளோடும் பார்க்கிங்கில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு தடவை ஆன்ட்டி கீழே வரும்போதும் "போதும், வண்டில ஏறு" என்பார். ஆன்ட்டி தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப மேலே போவார். ஒருநாள் நான் கணுக்கால் பிசகிக் கீழேயே நின்றிருந்தேன். அங்கிள் மேட்டில் சின்னதாக நகரும் தொப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உட்டிருக்க மாட்டேம்மா. அன்னிக்கு அவ கேட்டிருந்தா நான் உட்டிருக்க மாட்டேன். அதான் தெரிஞ்சு கேக்கல." செய்தித்தாளை மடித்தார். "முப்பது வருஷமா அவ என்ன பண்ணுனான்னு எனக்குத் தெரியும்னு நெனச்சிட்டிருந்தேன்."

கூட வருகிறேன் என்று நான் சொன்னதை ஆன்ட்டி ஏற்கவில்லை. அன்றைக்கும் தனியாகத்தான் போனேன் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். செப்டம்பரில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் போய் இறங்கினார். ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் உள்ளே போனதும், அதே பள்ளிக் கேட்டிலிருந்து 9.05க்குக் கிளம்புவது, மூன்று மணிக்குள் அதே கேட்டுக்கு வருவது. அங்கே அவருக்காக எந்தப் பிள்ளையும் காத்திருக்கப்போவதில்லை, மகனுக்கு முப்பத்தாறு வயது. நாள் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமே என்று நான்கூடச் சொல்லிப் பார்த்தேன். "எனக்குக் குடுத்தது ஆறு மணி நேரம். அதுக்குள்ள என்ன முடியும்னு பாக்கோணும்" என்றார். அந்த ஆறு மணி நேரத்தை அவருக்கு யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார் என்று சொல்ல நினைத்தேன்.

இப்போது நான் சான்டா கிளாராவிலேயே இருக்கிறேன். அவர்கள் மகனுக்கு அருகில் ரவுண்ட் ராக்கில் குடியேறிவிட்டார்கள். "இங்க மேடே இல்ல கண்ணு, ஃப்ரீவேக்கு மேல போற பாலத்தத்தான் பத்து தடவ ஏறி எறங்கறேன்" என்று ஆன்ட்டி ஃபோனில் சலித்துக்கொள்கிறார். என்னிடமும் இப்போது அந்தக் கேள்வி வருகிறது. தனியாக மலையில் ஓடுவது எதற்கு, இன்னும் ஏன் இப்படியே இருக்கிறாய், இதனால் என்ன கிடைக்கப்போகிறது. முன்பெல்லாம் ஆரோக்கியம், மன அமைதி என்று ஏதாவது சொல்லி அவர்களைச் சமாதானப்படுத்துவேன். இப்போது சொல்வதில்லை. ஒருவருடைய நேரத்தைப் பார்த்து நாமாக ஒரு திருத்த எண் போடும் வேலை எவ்வளவு சுலபமானது என்று எனக்குத் தெரியும். என் நேரத்துக்கு யாரும் அப்படிப் போட நான் விடுவதாக இல்லை.

ஆன்ட்டி மலையேறிய அந்தச் செவ்வாய்க்கிழமை, லிவர்மோரில் நான் காலை ஐந்தரைக்கே எழுந்தேன். எங்களுக்குக் காலை ஏழு என்றால் அங்கே பிற்பகல் மூன்று. சமையலறைக்குப் போனால் அங்கிள் எனக்கு முன்பே மேசையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் என் லேப்டாப்பில் ஆன்ட்டியின் இருப்பிடம் காட்டும் வரைபடம். நான்தான் ஃபோனில் அதை அமைத்துக் கொடுத்திருந்தேன். நீலப் புள்ளி இரண்டாவது மேட்டின் அடியில், ஏழாவது கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. "எவ்ளோ நேரமா அங்கிள்?" என்று கேட்டேன். "அஞ்சு பத்துல இருந்து" என்றார். மலைக்குப் பின்னால் சிக்னல் இருக்காது, புள்ளி நகராததற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். நானும் என்னை நம்பவில்லை.

ஆறு மணி. ஆறரை. காபி போட்டேன், இருவரும் குடிக்கவில்லை. ஏழு ஆனபோது அங்கிள் கடிகாரத்தைப் பார்க்காமல், "பள்ளிக்கூடம் விட்டிருப்பாங்க" என்றார். ஏழு ஐந்து. ஏழு பத்து. அவசர உதவிக்கு அந்த நாட்டில் எந்த எண்ணை அழைப்பது என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்து மேசைமேல் வைத்தேன். அங்கிள் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்தார். "கொஞ்சம் பொறு. வருவா." நான்கு மாதம் போகவே கூடாது என்று சொன்ன மனிதர்.

ஏழு இருபத்து மூன்றுக்கு ஃபோன் அடித்தது. முதலில் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு காற்று. பிறகு ஆன்ட்டி.

"மூணு இருபத்தி ஒண்ணு. கேட்டத் தொட்டுட்டேன்."

அங்கிள்தான் பேசினார். "நல்லா இருக்கியா? அடிகிடி பட்டுச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. பிள்ளைக எல்லாம் போயாச்சு. ஒரு டீச்சர் மட்டும் கேட்டச் சாத்திட்டு இருந்துச்சு. யாரக் கூட்டிட்டுப் போக வந்தீங்கன்னு கேட்டுச்சு. யாருமில்ல, நாந்தான் வந்தேன்னு சொன்னேன்." சிரித்தார், சிரிப்பு இருமலானது. "இருபத்தியோரு நிமிஷம் லேட்டுங்க."

"அதனாலென்ன, முடிச்சிட்டல்ல."

"முடிக்கல. ஆறு மணி நேரத்துல முடிக்கோணும். அடுத்த செவ்வாக்கெழம மறுக்காப் போறேன்."

"வெள்ளிக்கெழம ஃப்ளைட்டாச்சே?"

"மாத்திக்கலாம்."

நான் அங்கிளைப் பார்த்தேன். இந்த வயதில், தனியாக, எதற்கு என்று எல்லாம் வரிசையாக வரும் என்று காத்திருந்தேன். அவர் லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, நின்றுபோன நீலப் புள்ளியை விரலால் தொட்டார்.

"ஏழாவது கேட்டுல என்னாச்சு?"

"சங்கிலி போட்டுப் பூட்டி வெச்சிருந்தாங்க. யாராச்சும் வந்து தொறப்பாங்கன்னு நின்னு பாத்தேன். வரல. பொறவு ஏறிக் குதிச்சிட்டேன்."

"எத்தன நேரம் நின்ன?"

"இருவது, இருவத்தஞ்சு நிமிஷம் இருக்கும்."

அங்கிள் மேசையிலிருந்த பென்சிலை எடுத்தார். கவிழ்த்து வைத்த தாளின் பின்பக்கத்தில் இருபத்தைந்து என்று எழுதி, பக்கத்தில் இருபத்தொன்று என்று எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்த்தார்.

"அடுத்த தடவ அங்க நிக்காத," என்றார். "நேரா ஏறிடு."

அன்று காலை முதல் வேலையாக டிக்கெட்டை மாற்றினேன். அலுவலகத்துக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன். ஏன் என்று கேட்டார்கள். காரணம் சொல்லவில்லை.